எங்கள் வீட்டில் வைத்த தூரம்

எங்கள் ஊரில் மாநாடு நடக்கும்போது, ஊரிலுள்ள தூரத்தைக் கழற்றி வீடுகளில் வைத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நடந்து களைக்கக் கூடாது என்பதற்காக.

ஏடகநல்லூர் பழைய பல்கலைக்கழக ஊர். மாநாடுதான் எங்கள் பிழைப்பு. வருகிற பேராசிரியர்கள் ரயிலைவிட்டு இறங்கிப் பெட்டியைத் தூக்குவார்கள், கீழே வைக்கும்போது பேரவை மண்டபத்தின் படியில் வைப்பார்கள். மண்டபத்தை ஒட்டி நூலகம், நூலகத்தை ஒட்டி விடுதி, விடுதியை ஒட்டி ஆற்றங்கரை. கழுத்தில் அட்டையும் தோளில் சணல் பையுமாக நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, செருப்பில் தூசி இல்லாமல் ஊர் திரும்புவார்கள். போய், அந்த ஊர் மாதிரி வருமா, எல்லாமே கைக்கெட்டும் தூரம் என்று நாலு பேரிடம் சொல்வார்கள். அந்த நாலு பேரும் அடுத்த வருடம் வருவார்கள். கழற்றிய தூரம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்போம்.

சின்னக் கருத்தரங்கு என்றால் பெரிய தொந்தரவு இல்லை. போன வருடம் கணக்குப் பேராசிரியர்கள் வந்தபோது எங்கள் பங்குக்கு வந்தது மண்டபத்துக்கும் டீக்கடைக்கும் நடுவிலுள்ள சந்து. அதைக் கட்டிலுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வைத்தோம். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் தூக்கம் கலைந்துவிடும். அவ்வளவுதான்.

இந்த வருடம் நடந்தது உலக மாநாடு. ஸ்டேஷனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவிலுள்ள மொத்தத் தூரத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. அதை யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அப்பாவைக் கைகாட்டினார்கள். அப்பா பெயர் சூசைராஜ். நாலாம் நம்பர் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஸ்டேஷனில் தொடங்கி பல்கலைக்கழகத்தில் முடிகிற ரூட். அந்த ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெரிந்தவர் வீட்டில் இருந்தால்தான் தூரம் கெடாமல் இருக்கும்.

பந்தல்காரர்கள் இரண்டு பேர் அதைச் சமுக்காளம் மாதிரி சுருட்டித் தோளில் கொண்டுவந்தார்கள். முன்னறையில் ஒரு முனையை வைத்தார்கள்.

"அண்ணாச்சி, எங்கயும் மடக்கிராதீங்க. மடக்குனா ரோட்டுல மடிப்பு விழுந்துரும். போன தடவ ஒரு வீட்டுல மடக்கிட்டாங்க. அந்த எடத்துல இன்னைக்கும் லாரி துள்ளுது."

சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் வேர்த்துப்போயிருந்தார்கள். விரிக்கிற சமயத்தில் அம்மா அடுப்படியில் இருந்தாள். அதனால் அம்மா அந்தப் பக்கம். நானும் அப்பாவும் இந்தப் பக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அப்பா என்னோடு பேசுவதில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். ஃபெயிலாகவில்லை. காதல் கீதல் இல்லை. டீச்சர் யாரும் அடிக்கவில்லை. எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். நின்றுவிட்டேன். அப்பா எத்தனையோ வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். ஒருநாள் என்னையும் அங்கே இறக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசைப்பட்டது அவர்தான், என்னைக் கேட்டுக்கொண்டு ஆசைப்படவில்லை. ஆனாலும் அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்தது. சோறு இறங்கும். முள்ளும் இருக்கும்.

வீட்டில் எங்களுக்கு நடுவில் அம்மாதான் தபால். "அவளக் கதவச் சாத்தச் சொல்லு" என்பார். "ஏட்டி, கதவச் சாத்து" என்பாள். நான் அதற்கு ஏதாவது சொன்னால் அதையும் அம்மா அவரிடம் சொல்வாள், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

இப்போது அம்மா ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

முதல்நாள் காலையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அவர் செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஜெபமணி, அவள ஃபேன அமத்தச் சொல்லு."

என் போன் அடித்தது. "ஏட்டி, ஃபேன அமத்து."

"சுவிட்சு அவரு தலைக்கு மேலதான் இருக்குன்னு சொல்லும்மா."

அப்பாவின் போன் அடித்தது. அம்மா என்ன சொன்னாளோ, அப்பா பேப்பரைத் திருப்பினார். மறுபடி அம்மாவைக் கூப்பிட்டார். இப்படி இரண்டு மூன்று சுற்று போயிற்று. கடைசியில் அம்மா எனக்குப் போன் போட்டு, "நான் இட்லி ஊத்துவேனா, ஒங்க ரெண்டு பேருக்கும் எக்சேஞ்சு நடத்துவேனா? எக்கேடும் கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டாள்.

அதன்பிறகும் முன்னறையில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இட்லி தின்ன அப்பா தனியாக நடந்து போனார். அவர் போய் ரொம்ப நேரம் கழித்து நான் தனியாகப் போனேன். வழியில் அவர் எதிரே வந்தார். ரோட்டுக்கு அந்த ஓரமாகப் போனார். எங்கள் வீட்டு நடுவறைதான் அது.

டிப்போவில் அவர்களுக்கு வேறு சிக்கல். ஸ்டேஷனும் பல்கலைக்கழகமும் ஒட்டிக்கொண்டதால் நாலாம் நம்பர் பஸ் ஸ்டேஷனில் நின்றபடியே பல்கலைக்கழகத்திலும் நின்றது. முன்வழியாக ஏறியவர்கள் பின்வழியாக இறங்கினார்கள். அப்பா சாயங்காலம்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இதில் டீசல் செலவில்லை என்றாலும் வழியில் குடியிருப்பவர்கள் கோபப்பட்டார்கள். பஞ்சாலை முக்குக்காரர்களும் மாதா கோயில் ஸ்டாப்புக்காரர்களும் தூரத்தோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு பஸ் வேண்டாமா? ரூட் எங்கே இருக்கிறதோ பஸ் அங்கேதான் ஓட வேண்டும் என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால் மறுநாளிலிருந்து நாலாம் நம்பர் எங்கள் வீட்டுக்குள் ஓடியது.

ஏறுகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். வீடு அல்லவா. அப்பாவும் வெறுங்காலோடுதான் ஓட்டினார். கண்டக்டர் பேச்சிமுத்து மாமா மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். ஸ்டேஷன் என்பது எங்கள் முன்னறை. பஞ்சாலை முக்கு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாதா கோயில் ஸ்டாப் மாதா படத்துக்குக் கீழே. நூலகம் ஸ்டாப் தண்ணீர்க் குடத்தருகே. கடைசி ஸ்டாப் பல்கலைக்கழகம், அடுப்படியில்.

நான் சாப்பிடப் போக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில் இறங்க வேண்டும்.

இறங்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். இறங்கினால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். பசித்தால் பஸ் ஏறி, நூலகம் ஸ்டாப்பில் குடத்துப் பக்கம் இறங்கி, மிச்சத்தை வெயிலில் நடந்து போய்ச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் டிரைவர் கண்ணாடியில் அப்பாவின் கண் தெரிந்தது. அதற்கு மேலே 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்' என்று எழுதிய பலகை இருந்தது.

"பாத்தியா மருமவளே," என்றார் பேச்சிமுத்து மாமா. "ஒங்க அப்பாவுக்கு வசதியாப் போச்சு. வீட்டுக்குள்ள சும்மா பேசாம இருந்தாரு, இப்ப சட்டப்படி பேசாம இருக்காரு."

"நீங்க டிக்கெட்டக் கிழிங்க மாமா."

"கிழிச்சாச்சு. பொம்பளைகளுக்கு ஓசிதான், ஆனாலும் சீட்டக் கையில வச்சிக்க. செக்கிங் வந்தா ஒங்க வீடுன்னு பாக்க மாட்டாங்க."

மூன்றாம் நாள் காலையில் ஒரு பேராசிரியை எங்கள் வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சிவகாமசுந்தரி என்று கழுத்து அட்டையில் இருந்தது. குட்டையாக, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் குடையோடு.

"பிள்ளை, தூரம் இஞ்சதானே கிடக்குது?"

"ஆமா. உள்ள வாங்க மேடம்."

"எனக்குக் கொஞ்சம் நடக்க வேணும். நடந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். வெளியில ஒரு அடி வைச்சா நூலகம், மற்ற அடி வைச்சா விடுதி. யோசிக்கத் தொடங்க முதலே இடம் வந்துடுது. மத்தியானத்துக்கு முதல் நான் பேச வேணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினார். வழி தெரியாதவரைத் தனியாக அனுப்ப முடியாது. கூடப் போனேன். பீரோவைத் தாண்டியதும் பேச்சை எனக்குச் சொல்லிப் பார்த்தார். பழைய பல்கலைக்கழக நகரங்களுக்கு ஆட்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதுதான் அவர் தலைப்பு. வரலாறு என்றார். கல் மண்டபம் என்றார். அறிவுப் பாரம்பரியம் என்றார். மாதா கோயில் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

"மேடம், கொட்டாவி வருது."

"எந்த இடத்தில?"

"தொடக்கத்துலேருந்தே."

அவர் நின்று குடையை மடக்கினார். "அப்ப என்னத்தைச் சொல்லட்டும்?"

"நீங்க ஏன் வந்தீங்கன்னு சொல்லுங்க. நாங்க ஏழு மைல் ரோட்ட வீட்டுக்குள்ள வச்சிருக்கோம். எதுக்குன்னு எனக்கும் தெரியணும்ல."

அவர் மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். குடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது சொன்னார்.

"என்ர புத்தகத்தைக் கிழிகிழியெண்டு கிழிச்சு ஒருத்தர் எழுதினவர். வேற ஊர்களில கண்டா நான் மற்றப் பக்கம் போயிடுவன். போகிறதுக்கு அங்க பக்கம் இருக்கு. இஞ்ச தேத்தண்ணி நேரத்தில திரும்பினா அந்த ஆள் நிக்கிறார். மற்றப் பக்கம் திரும்பினாலும் அவர்தான். கடைசியில நானே பிஸ்கட் தட்டை நீட்டினன். ரெண்டு எடுத்தவர்."

"அதச் சொல்லுங்க."

"பிஸ்கட்டையோ?"

"ரெண்டு எடுத்தாருன்னு."

அப்போது அவருடைய போன் அடித்தது. அவருக்கு முன்னால் பேசுகிறவர் மேடையேறிவிட்டாராம். மண்டபம் எங்கள் வாசலிலிருந்து இரண்டடி. ஆனால் நாங்கள் எங்கள் வாசலிலிருந்து ஆறு மைல் உள்ளே நின்றோம். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகிற பஸ் எதுவும் கண்ணில் இல்லை. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அப்பா பஸ்ஸோடு வந்துகொண்டிருந்தார். ஊரில் ஓடுகிற ஒரே நாலாம் நம்பர் அதுதான். அதில் ஏறிக் கடைசி ஸ்டாப்புக்குப் போய், அதே பஸ்ஸில் திரும்பினால்தான் உண்டு. விட்டால் அது திரும்பி இங்கே வரும்போது நிற்குமோ என்னவோ, அந்த நேரத்தில் பஞ்சாலை ஷிஃப்ட் விடும், அந்தக் கூட்டத்தை ஏற்ற பஸ் வழியில் நிற்காமல் ஓடும்.

இவரை உள்ளே கூட்டிவந்தது நான். கையைக் காட்டினேன். பஸ் நின்றது. ஏறினோம். எனக்கு வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

குடம் பின்னால் போயிற்று. அந்த இடத்தைத் தாண்டி நான் பஸ்ஸில் போனதே இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. நடந்து போகும்போது வெயில்தான் தெரிந்தது, மரம் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. பேச்சிமுத்து மாமா விசிலை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம்! கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் எறங்குங்க."

எல்லோரும் இறங்கினார்கள். பேராசிரியையும் இறங்கினார். நான் முன்படிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அடுப்படித் தரை. அம்மா காலையில் சிந்திய மாவு காய்ந்துகூடப் போகவில்லை. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி நேராகப் பார்த்தார்.

"பாத்து எறங்கு," என்றார்.

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. இறங்கினேன்.

பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பலகையைப் பார்த்தேன். பேச்சிமுத்து மாமா, "ஓட்டுநர்ட்டத்தான் பேசக்கூடாது. ஓட்டுநர் பேசலாம், அதுக்குத் தடையில்ல" என்றார். அதனால் மாமாவிடமே சொன்னேன்.

"எறங்கியாச்சுன்னு சொல்லுங்க மாமா."

"அண்ணாச்சி, எறங்கிட்டாளாம்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார் அப்பா. இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் இறங்கினார். சீட்டில் இல்லாதபோது அவர் ஓட்டுநர் இல்லை.

அம்மா பேராசிரியையை அரிசி டின் மேல் உட்காரவைத்து இட்லி கொடுத்தாள். "எனக்கு நேரமாகுது அம்மா" என்றார் அவர். "முன்னால பேசுதவரு முடிச்சிருப்பாருன்னா நினைக்கீங்க?" என்றாள் அம்மா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டார்.

எனக்கும் அப்பாவுக்கும் டீ வந்தது. அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அப்பா அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

"சீட்டு வாங்குனியா?" என்றார் என்னிடம்.

"வாங்குனேன்." காட்டினேன். அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பல்கலைக்கழகம் என்று அடித்திருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏன் நின்ன?"

இதை எட்டு மாதம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். எல்லோரும் கேட்டார்கள், இவர் கேட்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"உக்கார முடியலப்பா. காலைலேருந்து சாயங்காலம்வரைக்கும் ஒரே எடத்துல. பெஞ்சுக்கு அடியில காலு தன்னால நடக்குது."

"நானுந்தான்டி நாள் முழுக்க உக்காந்திருக்கேன்."

"ஒங்க சீட்டு நகருதுல்லா."

அப்பா டீயை ஆற்றினார். ஆறின டீயை மறுபடி ஆற்றினார். பேச்சிமுத்து மாமா வாட்சைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது சரிதான்," என்றார் அப்பா.

பிறகு டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "முன்சீட்டுல உக்காரு. ரோட்டப் பாக்கலாம்" என்றார்.

திரும்புகிற வழியில் நான் பேசவில்லை, பலகை இருந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார். இந்த வளைவில் பிரேக் போடக் கூடாது, காலை எடுத்தால் போதும். இந்தப் பள்ளம் மழைக்கு முன்னால் இடப் பக்கம் இருந்தது. லைசன்ஸுக்கு வயது வரட்டும். பஞ்சாலை முக்கில் கூட்டம் ஏறி நெருக்கியது. கேட்டுக்கொண்டே வந்தேன். உட்கார்ந்துதான் இருந்தேன், கால் சும்மா இருந்தது.

பேராசிரியை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முன்னால் பேசியவர் இன்னும் முடித்திருக்கவில்லை. நான் எங்கள் வாசலில் நின்றபடியே மண்டபத்துக்குள் பார்த்தேன். அவர் வரலாற்றையும் கல் மண்டபத்தையும் விட்டுவிட்டு பிஸ்கட்டில் தொடங்கினார். ரெண்டு எடுத்தவர் என்றபோது மூன்றாம் வரிசையில் ஒரு மொட்டைத்தலைக்காரர் எழுந்து நின்று, மூன்று என்றார். கைதட்டல் எங்கள் முன்னறைவரை கேட்டது.

மாநாடு முடிந்தது. தூரத்தைச் சுருட்டப் பந்தல்காரர்கள் வந்தார்கள். வளைவு தெரிந்தவர் சுருட்டினால் மடிப்பு விழாது என்று அப்பாவிடமே விட்டுவிட்டார்கள். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஸ்டேஷனிலிருந்து சுருட்டிக்கொண்டு போனோம். பஞ்சாலை முக்கு, மாதா கோயில், நூலகம். ஆட்களும் மரங்களும் உள்ளேயே சுருண்டுகொண்டார்கள். குடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். குடத்திலிருந்து அடுப்படிவரைக்கும் புளியமர ரோடு இன்னும் விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கத்தரியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது.

அதனால் ஊரில் இப்போது நூலகமும் பல்கலைக்கழகமும் நிரந்தரமாக ஒட்டிவிட்டன. நூலகத்தின் பின்கதவைத் திறந்தால் பேரவை மண்டபம். வருகிறவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. பேச்சு அலுத்தால் சத்தமில்லாமல் எழுந்துபோய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இந்த வசதி வேறு எந்த ஊரிலும் இல்லை என்கிறார்களாம். போன மாதத்தில் மட்டும் ஏகப்பட்ட பேர் மாநாடு வைக்க இடம் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் சாப்பிடப் போக இன்னும் ஒரு ஸ்டாப் நடக்க வேண்டும். காலையில் நானும் அப்பாவும் சேர்ந்து போகிறோம். அவர் பேசுகிறார், நானும் பேசுகிறேன், அங்கே பலகை இல்லை. சண்டையும் வரும். வந்தால் அடுப்படி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும், அந்த ரோட்டின் நீளம் அப்படி. மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் வராவிட்டால் தூரத்தை யார் எங்கள் வீட்டில் வைத்திருப்பார்கள்? முள் போய்விட்டது. எப்போது போயிற்று என்று தெரியாது, சோறு இறங்கும்போது பார்த்தேன், இல்லை.

அடுத்தது மே மாதம், வைத்தியர்கள் மாநாடு. குளிர்நாட்டுக்காரர்கள் அதிகமாம். ஊர் மார்கழி மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் வெயிலைக் கழற்றி வீடுகளில் வைக்கிறார்கள். எங்கள் நடுவறைக்கு நேற்றே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அம்மா வற்றல் மாவு கிண்டி, பழைய சேலையை விரித்து, பிழியத் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி, நடுவறைக்குள்ள போறப்ப தலையில துண்டு போட்டுக்கோ," என்று அப்பா முன்னறையிலிருந்து சத்தம் போடுகிறார்.

போட்டுக்கொண்டிருக்கிறேன். காக்கா விரட்டுவது என் வேலை. பீரோ மேல் மூன்று வந்து உட்கார்ந்திருக்கின்றன.